ஜோடி காஷ்மீரோடு, தகராறு குமுளியோடு

‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டத்தை 2015 அக்டோபர் 31 அன்று, படேல் பிறந்தநாளில், பிரதமர் மோடி அறிவித்தார். ஒரு மாநிலத்தை இன்னொரு மாநிலத்தோடு ஜோடி சேர்த்து, இரண்டு பக்கத்து மாணவர்களும் மற்றவர் மொழி, சாப்பாடு, கலை எல்லாம் தெரிந்துகொள்ள வைப்பதுதான் திட்டம். தமிழ்நாட்டுக்கு ஜோடி ஜம்மு காஷ்மீர். கேரளாவுக்கு இமாச்சலப் பிரதேசம்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேனிப் பிள்ளைகள் காஷ்மீரியில் நாலு வார்த்தை கத்துக்கிட்டா நல்லதுதானே. ஆனா கம்பத்தில் நின்று இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. நமக்கும் காஷ்மீருக்கும் நடுவில் தூரம் இருக்கு, தகராறு இல்லை. தகராறு குமுளி மலைக்கு அந்தப் பக்கத்தோடு.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. இருப்பது கேரளாவில், 1886 குத்தகைப்படி தண்ணீர் தமிழ்நாட்டுக்கு. பள்ளத்தாக்கின் இருபோக நெல் அதை நம்பித்தான். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் இருப்பவர்களுக்கோ அடைமழை வந்தால் அதே அணைதான் பயம். அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பால் அந்தப் பயம் போய்விடவில்லை.

“பழகினா சரியாயிடும்” என்பார்கள். பழக்கத்துக்கு இங்கே என்ன குறைச்சல்? கம்பம், போடி பக்கமிருந்து தினமும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இங்கே விளையும் காய்கறி அந்தப் பக்கம் போகிறது. இருந்தும் 2011 டிசம்பரில் எல்லை கொதித்தபோது, தோட்டத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்துபோய் மலையிறங்கி வந்தார்கள். முதலாளி, கூலி என்ற பழக்கத்தில் அணையைப் பற்றி யார் யாரிடம் பேசியிருப்பார்கள்?

2001-ல் வந்த ‘பிராமிசஸ்’ ஆவணப்படத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜெருசலேமில் வாழும் யூத இரட்டைச் சிறுவர்கள், பெத்லகேம் அருகே உள்ள தெஹைஷா அகதி முகாமுக்குப் போய்ப் பாலஸ்தீனப் பிள்ளைகளோடு சாப்பிட்டு விளையாடி, மனம் விட்டும் பேசுகிறார்கள். அன்றைக்கே ஒரு பாலஸ்தீனச் சிறுவன் அழுகிறான்: படமெடுப்பவர் போய்விட்டால் இந்த நட்பும் போய்விடும் என்று. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் தொடர்பு நிலைக்கவில்லை. நடுவில் சோதனைச்சாவடிகள் இருந்தன. ஒருநாள் சந்திப்பு அவற்றைத் தாண்டி நிற்க முடியவில்லை.

குமுளியில் இருப்பதும் சோதனைச்சாவடிதான். ஆனா பஸ் ஏறினால் தாண்டிவிடலாம். வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசும் குடும்பங்களே ஏராளம், மொழிகூடத் தடையில்லை. அந்தப் பிள்ளைகள் ஜூன் மாதம் கம்பத்துக்கு வந்து, நாற்றுப் பாவத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் தங்கட்டும். நம் பிள்ளைகள் மழைக்காலத்தில் அங்கே போய், அணை மட்டம் ஏறுகிற செய்தியை அந்த வீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும். அடுத்த வருடமும் அதே வீடுகளுக்கே போகட்டும். நடனமும் பலகாரமும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனா அணையைப் பற்றிப் பேசாமல் திரும்பக் கூடாது.

தகராறே இல்லாத ஊரோடு நட்புப் பரிமாற்றம் நடத்துவது சுலபம். அதுக்குப் பேர் சுற்றுலா.