வாடகை வீடு வரை வராத காதல்

1920-இல், பின்னாளில் பரதநாட்டியக் கலைஞராகப் புகழ்பெற்ற ருக்மிணி தேவி ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது மணமகளுக்கு வயது 16. மணமகன் நாற்பதைக் கடந்த ஆங்கிலேயர். இன்று நம்மை உறுத்துவது அந்த வயது வித்தியாசம், உறுத்தவும் வேண்டும். அன்றைய சென்னையின் ஆசாரக் குடும்பங்களைக் கொதிக்கவைத்ததோ, பிராமணப் பெண் வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டது. அருண்டேல் 1945-இல் இறக்கும்வரை 25 ஆண்டுகள் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளி பிறந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

தமிழ் சினிமா இனம் கடந்த காதலைக் காட்டும் விதத்தை இந்தத் தம்பதியின் வாழ்க்கையோடு ஒப்பிட்டால், அதன் பலமும் பலவீனமும் தெளிவாகும்.

விஜய் இயக்கிய 'மதராசபட்டினம்' (2010) சலவைத் தொழிலாளி ஒருவரை நாயகனாக்கியது. கவர்னர் மகள் அவனைத் தேடி வண்ணான்துறைக்கு வருகிறாள். உழைப்பவனைக் காதலின் மையத்தில், சுயமரியாதையோடு நிறுத்தியது அந்தப் படத்தின் சாதனை. ஆனால் காதலுக்குக் குறுக்கே நிற்பது முக்கியமாக வெள்ளை அதிகாரிதான். பகை வெளியிலிருந்து வருவதால், பார்ப்பவர் தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. 1947 இருவரையும் பிரித்துவிடுகிறது. காதல் ஓர் அறக்கட்டளையின் பெயராக மிஞ்சுகிறது, குடித்தனமாக மலரவில்லை.

'பிரின்ஸ்' (2022) இன்னும் கூர்மையான இடத்தைத் தொட்டது. சாதி, மதம் பார்க்காதே என்று மகனை வளர்த்த அப்பாவே, வரப்போகும் மருமகள் ஆங்கிலேயப் பெண் என்றதும் மறுக்கிறார். நம் முற்போக்கு எந்த வாசலில் நின்றுபோகிறது என்று கேட்கக் கிடைத்த அருமையான வாய்ப்பு அது. படம் சிரிக்கவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இரண்டிலும் ஆண் தமிழன், பெண் வெள்ளைக்காரி. குடும்ப மானம் முழுவதையும் சுமக்கவைக்கப்படுபவள் நம் வீட்டுப் பெண். அவள் வேற்றினத்தவனைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதைத் திரை பெரும்பாலும் தவிர்த்தே வந்திருக்கிறது.

உண்மையான சோதனை கல்யாணப் பேச்சோடு முடிவதில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, திருமணத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. உறவினர் தேடி வந்து மிரட்ட அந்த நாட்கள் போதும். தி.நகரில் முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் வருவார்களா என்று தெரியாது. மயிலாப்பூரில் வீடு பார்க்கப் போனால், வாடகையைச் சொல்வதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க? வெஜிடேரியன்தானே?" என்ற கேள்வி வரும். பாரபட்சம் பெரும்பாலும் இப்படி மெல்லிய குரலில்தான் பேசுகிறது. கத்தி எடுக்கும் வில்லனைத் தேடும் கேமராவுக்கு அது கேட்பதில்லை.

நம் இயக்குநர்களால் முடியாததல்ல இது. மதம் கடந்த காதலைச் சொன்ன மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) தாலியோடு நிற்கவில்லை. அதன் நாயகனும் நாயகியும் குடித்தனம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள், கோபத்தில் இருந்த பெற்றோர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள். இனம் கடந்த காதலுக்கும் அந்த இரண்டாம் பாதி வேண்டும். பிரிவைப் பார்த்து அழுதுவிட்டு வீடு திரும்புவது நமக்கு எளிது. பக்கத்து வீட்டில் வந்து குடியேறும் தம்பதியை ஏற்றுக்கொள்வதுதான் கடினம். சினிமா நமக்குப் பழக்கித்தர வேண்டியது அதைத்தான்.