பேப்பர்ட்டின் ஆமையும் மூன்று பாடங்களின் இணைப்பும்

சேமூர் பேப்பர்ட்டின் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ (1980), கணினி குழந்தைக்குக் கற்பிப்பதற்கு மாறாகக் குழந்தையே கணினிக்குக் கற்பிக்க வேண்டும் என வாதிட்ட நூலாகும். 1967இல் உருவான லோகோ மொழியும், அதன் கட்டளைக்கு இயங்கும் ‘ஆமை’யும் இந்நூலின் உயிர்நிலை. தொழில்நுட்பம், அறிவியல், கணிதம் ஆகியவற்றை ஒருங்கிணைத்துக் கற்பிப்போர் இன்றும் இந்நூலை நாடுகின்றனர். எனினும் நூல் இம்மூன்றையும் இணைத்துள்ளதா என்பது ஆராய்தற்குரியது.

கணிதத்தில் ஐயமில்லை. முக்கோணம் வரைய விழையும் மாணவர், 100 அலகு நடந்து 60 பாகை திரும்புமாறு ஆமையைப் பணிக்கிறார், கிடைப்பதோ அறுகோணம். ஆமை திரும்புவது புறக்கோணம், ஆகவே 120 பாகை வேண்டும் என்பதை அவர் தாமே நடந்து பார்த்து உணர்கிறார். தேற்றம் இங்கு உடலின் அனுபவமாகிறது. பாடநூல் எதுவும் இதனை இத்துணை எளிமையாகச் செய்ததில்லை எனலாம்.

அறிவியலில்தான் இடர்ப்பாடு. உராய்வு சூழ்ந்த அன்றாட உலகில் நியூட்டனின் முதல் விதி விளங்குவதில்லை. ஆகவே உராய்வற்ற திரையுலகு தேவை என்பது பேப்பர்ட்டின் வாதம். வாதம் வலுவானதே. ஆயினும் திரையில் விதி பிறழாமைக்குக் காரணம் அதனை நிரலாக எழுதியவரே. இயற்கை அங்கு விடையளிப்பதில்லை. தொடக்ககால ஆமையோ தரையில் சக்கரங்களால் ஊர்ந்த பொறி. சக்கரம் வழுக்கினால் சதுரம் மூடாது. பிழை கட்டளையிலா, சக்கரத்திலா, தரையிலா? மூன்று துறைகளும் ஒன்றையொன்று வேண்டிநிற்கும் வினா இதுவே. தரை ஆமையையும் திரை ஆமையையும் ஓரினமாகக் கொண்ட நூல், இவ்வினாவின் மதிப்பை உரிய அளவில் எடைபோடவில்லை.

லோகோ கற்றோரிடம் திட்டமிடும் திறன் பிற செயல்களுக்குப் பெயரவில்லை என ராய் பீ, மிடியன் கர்லாண்ட் ஆகியோரின் 1984ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கருவியை மட்டும் தனியே சோதிப்பது தவறு, கற்றல் சூழலே முதன்மை என்பது பேப்பர்ட்டின் மறுமொழி. அது நேரியது, ஆனால் சூழலை அமைக்கும் ஆசிரியர்க்கு நூல் தரும் துணை சிறிது.

லோகோவின் வழித்தோன்றலான ஸ்கிராட்ச் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் இறுதி அலகில் இடம்பெற்றுள்ளது. அந்நூலின் முதல் அலகு இயக்க விதிகள். இரண்டும் ஒரே அட்டைக்குள் இருந்தும், நியூட்டனின் விதியை நிரலாக்கிப் பின் தரையில் உருளும் பந்தோடு ஒப்பிடுமாறு மாணவரை எந்த அலகும் பணிக்கவில்லை.