கல்லாவுக்கு இந்தப் பக்கம்

சில மாதங்களாக ஒரு கோப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மெட்ராஸின் பழைய கடைகளைப் பற்றி வந்த நினைவுக் கட்டுரைகள். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம் நெருங்கும்போது வருடா வருடம் வருபவை, ஞாயிறு இணைப்புகளில் வந்தவை, வாட்ஸப்பில் யார் எழுதியதென்றே தெரியாமல் சுற்றுபவை, எல்லாம் அதில் உண்டு. நிறைய சேர்ந்துவிட்டது. வரிசையாக உட்கார்ந்து படித்தால் ஒரு விஷயம் பிடிபடும்: எல்லாமே ஒரே கட்டுரைதான்.

அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் ஸ்பென்ஸருக்குள் நுழைவான். பளபளக்கும் தரை, கண்ணாடி அலமாரி, பிஸ்கட் வாசனை. அடுத்து மூர் மார்க்கெட்: பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக்கிளி, பேரம். அப்புறம் தெருமுனை அண்ணாச்சி கடை. உத்தரத்தில் தொங்கும் நூல் உருண்டை, செய்தித்தாள் பொட்டலம், கொசுறாகக் கையில் வைத்த பொட்டுக்கடலை. கடைசிப் பத்தியில் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் வரும், பார்கோடு வரும், "இப்பல்லாம் யாரு யார் முகத்தைப் பாக்கறாங்க" என்று ஒரு பெருமூச்சு. முடிந்தது.

கிண்டல் பண்ணவில்லை. அப்படி ஒரு கட்டுரையை நானே எழுதியிருக்கிறேன், இதே வலைப்பதிவில், சில வருஷங்களுக்கு முன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அதற்கு நல்ல வரவேற்பும் கிடைத்தது. அதை அச்செடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். பெரியம்மா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் (பெயர் வேண்டாம்) பதினேழு வருஷம் சேல்ஸில் வேலை பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா கடையில ஆளே இல்லையே?"

எனக்குப் புரியவில்லை.

"பெட்டி இருக்கு, தராசு இருக்கு, முட்டாய் இருக்கு. எடுத்துக் குடுத்தவங்க எங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான். ரொம்ப தாமதமான பதில்.

முதலில் தகவல் பிழைகள். ஸ்பென்ஸர் என்றாலே "எல்லாரும் போன கடை" என்று எழுதிவிடுகிறோம். 1860களில் டுரண்ட், ஸ்பென்ஸர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் தொடங்கிய வியாபாரம் அது. யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்தபிறகுதான் பெரிதாக வளர்ந்தது. மவுண்ட் ரோடில் எழுந்த அந்தச் செங்கல் நிறக் கட்டடம் அவர் காலத்தது. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, சோடா, ரயில் உணவு விடுதிகள் என்று கிளைகள் பரவின. யாருக்காக? துரைமார்கள், கிளப்புகள், ஜமீன்கள், பெரிய வக்கீல்கள். பின்னாளில் கெஜட்டட் ஆபீசர் குடும்பங்கள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் அங்கிருந்து எத்தனை பேர் அந்த வாசலுக்குள் நுழைந்திருப்பார்கள்? எங்கள் வீட்டில் என் தலைமுறைக்கு முன்னால் ஒருவரும் ஸ்பென்ஸருக்குள் போனதில்லை. அப்படியிருந்தும் என் பழைய கட்டுரையில் "நம் ஸ்பென்ஸர்" என்று எழுதியிருக்கிறேன். யாரோ ஒருவருடைய ஞாபகத்தை இரவல் வாங்கி என்னுடையதாக்கிக்கொண்டேன். படித்துப் படித்து அந்தப் பிஸ்கட் வாசனை எனக்கே வந்துவிட்டது போலிருக்கிறது!

சென்னை வரலாற்றைப் பொதுவாசகர்களிடம் கொண்டுவந்ததில் எஸ். முத்தையாவின் பங்கு பெரியது. 1981இல் வந்த 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' இல்லாமல் இன்றைக்கு இந்த ஊரைப் பற்றி எழுதும் பலர் எழுதவே வந்திருக்க மாட்டார்கள், நான் உட்பட. ஸ்பென்ஸர் பற்றித் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார். அவர் வழியில் வந்தவர்கள் செய்த சிக்கல் என்னவென்றால், கடையின் சரித்திரம் என்பது முதலாளியின் பெயர், கட்டடக் கலைஞரின் பெயர், தீப்பிடித்த தேதி என்று நின்றுவிட்டது. அதற்குமேல் ஞாபகம் என்ற பெயரில் வாடிக்கையாளரின் ஏக்கத்தைத் தூவிவிடுகிறோம். முதலாளி இருக்கிறார், வாடிக்கையாளர் இருக்கிறார். நடுவில் நின்றவர் இல்லை.

மூர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயரில் 1900இல் திறந்தது, 1985 மே 30 அன்று எரிந்தது. இந்த இரண்டு வருஷமும் எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். இடம் ரயில்வேக்குப் போனதும், புறநகர் ரயில் நிலையம் வந்ததும், வாசலில் பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்று வைத்திருப்பதும் கூட இருக்கும். ஆனால் அந்தக் கடைக்காரர்கள்? ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய புத்தகம் விற்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். சென்ட்ரலிலிருந்து ஐந்து நிமிட நடை. மூர் மார்க்கெட்டுக்காக உருகி எழுதும் நாம் அங்கே போய் ஒரு புத்தகம் வாங்குவதில்லை, அந்த ராத்திரிக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பதும் இல்லை. நமக்கு எரிந்துபோன கட்டடம்தான் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. எரிந்த ஸ்பென்ஸர் இருந்த இடத்தில் ஸ்பென்ஸர் பிளாசா வந்தபோது பழையவர்கள் முகம் சுளித்தார்கள். இன்று அந்தப் பிளாசா வெறிச்சோடிக் கிடக்கிறது, தொண்ணூறுகளில் காலேஜ் படித்தவர்கள் அதற்காகக் கண்கலங்கி எழுதுகிறார்கள். நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க் புத்தகக் கடைக்கும் அதே கண்ணீர். இன்னும் இருபது வருஷத்தில் டெலிவரி ஆப் பற்றியும் இப்படி வரும், பாருங்கள். "அந்த மஞ்சள் பையோட வாசல்ல வந்து நிப்பாரே…"

அண்ணாச்சி கடை விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே ஏக்கத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அது கடன் நோட்டு. மாதச் சம்பளம் ஒன்றாம் தேதி வரும்வரை அரிசியும் எண்ணெயும் அந்த நோட்டின் பேரில்தான் வீட்டுக்கு வந்தது. எந்த பேங்க்கும் எட்டிப்பார்க்காத குடும்பங்களுக்கு அதுதான் பேங்க். எங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் அதில் ஒரு தனிப் பக்கம் வைத்திருந்தது இன்றும் வீட்டு ரகசியம் (இப்போது போச்சு). ஆனால் அதே நோட்டு இன்னொரு வேலையும் செய்தது. கடையில் பத்துப் பேர் நிற்கும்போது "போன மாச பாக்கியே நிக்குதேம்மா" என்று ஒரு குரல் வரும். அந்த வாரம் முழுக்க நான்தான் கடைக்கு அனுப்பப்படுவேன். சின்னப் பையனிடம் கேட்க மாட்டார் என்ற நம்பிக்கை. ஆள் தெரிந்த கடை என்றால் நம் கஷ்டமும் தெரிந்த கடை. ஏக்கக் கட்டுரைகள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தக் கடையில் பொட்டலம் கட்டிய பையனுக்கு என் வயதுதான். தென் மாவட்டத்திலிருந்து யாரோ உறவுக்காரர் கொண்டுவந்து விட்டது, ராத்திரி கடைக்குள்ளேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. அவன் பெயர் எனக்குத் தெரியாது. நூல் உருண்டையின் நிறம் தெரியும்.

இப்போது பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன்.

பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை இருக்கும். வாங்க வந்தவர்களும் உட்காருவார்கள், எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புடவையாக உதறி விரிப்பார். சில கடைகளில் இன்றும் உண்டு. கடை பெரிதாகி, மாடி மாடியாக ஏறியபோது மெத்தை போய் கவுண்டர் வந்தது. வாங்குபவருக்கு ஸ்டூல் போட்டார்கள். விற்பவர் எழுந்து நின்றார். இந்த மாற்றத்தைப் பற்றி என் கோப்பில் உள்ள ஒரு கட்டுரையிலும் ஒரு வரி கிடையாது. எனக்கு இதுதான் அந்தக் கடைகளின் சரித்திரத்தில் மிகப் பெரிய சம்பவமாகத் தோன்றுகிறது.

பெரியம்மா காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது. தீபாவளி சீசனில் பதினொன்று. மதியம் சாப்பிட அரை மணி நேரம். "உக்காரக் கூடாதுன்னு எழுதிப் போடலை. ஆனா உக்காந்தா கூப்பிட்டுக் கேப்பாங்க." அதனால் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். கலைத்துப் போட்ட புடவைகளைக் கீழ்த்தட்டில் அடுக்குகிற சாக்கில் குத்துக்காலிட்டு உட்காருவது. ஒரு புடவையை மூன்று தடவை மடிப்பது. கவுண்டருக்குப் பின்னால் தலை தெரியாது. பக்கத்தில் நிற்பவள் கண்காணிப்பாளர் வந்தால் காலால் லேசாகத் தட்டுவாள். பாத்ரூமுக்கு அடிக்கடி போனால் பேச்சு வரும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். இன்று பெரியம்மாவின் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைக் கயிறாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. சின்ன வயசில் எனக்கு அதைத் தொட்டுப் பார்ப்பது விளையாட்டு.

இத்தனைக்கும் சட்டம் புதிதல்ல. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அதில் இருக்கிறது. நாம் ஏங்கும் அந்தப் பொற்காலம் முழுக்க அந்தச் சட்டத்துக்குப் பிந்தியதுதான். உட்காரும் உரிமைக்கு இன்னும் 74 வருஷம் ஆனது. கேரளம் 2018இல் செய்ததைத் தொடர்ந்து, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்க வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கலையில் இந்தப் பக்கத்தை யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தது, ஜெயமோகன் வசனம். ரங்கநாதன் தெருவைக் கவுண்டருக்கு உள்ளிருந்து பார்த்த படம். முடிவில் மெலோடிராமா கூடிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஊழியர்கள் சாப்பிடும் இடம், படுக்கும் இடம் இரண்டையும் காட்டிய காட்சிகளுக்கு முன்னால் என் கோப்பிலுள்ள கட்டுரைகள் எதுவும் நிற்காது. படத்தைப் பாராட்டி எழுதியவர்களில் பலர் அடுத்த ஆகஸ்டிலேயே பழையபடி பிஸ்கட் வாசனைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பது வேறு கதை. பெரியம்மா படத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். "தெரிஞ்சதுதானே" என்றார்.

நான் இப்படி எழுதுவதால் பெரியம்மாவுக்கு அந்தக் கடை மேல் வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேதான் முதல் சம்பளம், அங்கேதான் ஆயுள் சிநேகிதிகள் மூன்று பேர். பட்டைத் தொட்டவுடன் எடை சொல்லுவார். கூட்டத்தில் யார் வாங்குவார், யார் பார்த்துவிட்டுப் போவார் என்று படியேறும்போதே தெரிந்துவிடுமாம். கடையை இடித்துக் கட்டினபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதுவும் ஏக்கம்தானே? ஆனால் அவருடைய ஏக்கத்தில் கால்வலியும் சேர்ந்தே இருக்கிறது, ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல அவருக்கு வராது. என்னுடையதில் இல்லாமல் போனது அந்தப் பாதிதான்.

போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவரோடு போயிருந்தேன். வேறு கடை. மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. பெரியம்மா புடவையைப் பார்க்கவில்லை, கவுண்டருக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எதிரே நின்ற பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும்.

"நாங்க மெதுவாத்தான் பாப்போம். நீ உக்காரும்மா."

அந்தப் பெண் சிரித்தது. மேலே கூரையில் இருந்த கேமராவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, பழகிருச்சு" என்று அடுத்த புடவையை விரித்தது.

பழைய கட்டுரையை நீக்கவில்லை. அதன் தலைப்புக்கு மேலே இதற்கு ஒரு இணைப்பு போட்டிருக்கிறேன். "நம் ஸ்பென்ஸர்" என்ற இடத்தில் "நம்" மட்டும் எடுத்துவிட்டேன்.