தளர்த்தும் கை

துறைமுகத்திலிருந்து சுங்கப் பரிசோதனைக்காகக் கொள்கலன்கள் வந்து சேரும் முற்றமும், பேஸ்லைன் வீதியின் ஓயாத போக்குவரத்தும் சேர்ந்து ஒருகொடவத்தையைப் பார வாகனங்களின் ஊராகவே ஆக்கிவிட்டமையால், லொறி வேலையில் கைதேர்ந்த பாஸ்மாரை அங்கே காண்பது அதிசயமன்று. ஆயினும் அவர்கள் செய்யும் காரியங்களுள், பின்சில்லுக்குப் பெயாரிங் மாற்றிக் கிறீஸ் இடும் வேலையைப்போல் என்னை நெடுநேரம் நிற்கவைத்தது வேறில்லை.

பாரலொறியின் பின் அச்சில் ஒரு விசேஷம் உண்டு. சில்லைச் சுழற்றும் ஷாஃப்ட் முறுக்கத்தை மாத்திரம் கொண்டுசெல்ல, பாரம் முழுவதும் அச்சுக்குழாய்மேல் அமர்ந்த இரண்டு கூம்புருளைப் பெயாரிங்குகளின்மேல் தங்குகிறது. அமெரிக்காவில் வண்டி கட்டும் தொழில் நடத்திய ஹென்றி திம்கென், பாரவண்டி வளைவில் திரும்புகையில் எழும் பக்கவாட்டு அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்குவதற்காக 1898இல் காப்புரிமை பெற்ற யுக்தி அது. நாற்பதடிக் கொள்கலன் ஒன்று ஒருகொடவத்தைச் சந்தியில் சாய்ந்து திரும்பும்போது அதன் அருமை விளங்கும்.

கழற்றிய பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், நீலம் பாரித்த உருளை சூடு கண்டதையும், செதிளாக உதிர்ந்த பரப்பு உலோகம் களைத்ததையும் சொல்லிவிடும். அப்படியிருக்க, உருளைகளை மட்டும் புதிதாக வாங்கி, ஹப்புக்குள் பழைய வளையத்தையே விட்டுவைப்பது சிக்கனமன்று, துரோகம். புதிய வளையத்தைப் பித்தளைக் கோலால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கும் பாஸ், கண்ணைவிடக் காதையே நம்புகிறார். மந்தமாக ஒலித்த தட்டு திடீரெனக் கெட்டியாகக் கேட்டால் வளையம் அடியில் அமர்ந்துவிட்டது.

அதன்பின் கிறீஸ். இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு எடுத்து, பெயாரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க, உருளைகளின் இடைவெளிகளில் நுழைந்து மறுபுறம் சிறு புழுக்களாக அது பிதுங்கும்வரை விடாமல், ஒரு முழுச்சுற்று வரவேண்டும். மேலே விரலால் வழிப்பது வெறும் அலங்காரம். தாராளமும் இங்கே ஆகாது. ஹப் நிறைய அடைத்த கிறீஸ் கடைபட்டுச் சூடேறி, சீலைத் தாண்டிப் பிரேக் லைனிங்கில் இறங்கினால், மலைப்பாதையில் அதன் விலை உயிராகவும் இருக்கலாம்.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. நட்டை அமைப்பதில்தான் பாஸின் மேதை தெரிகிறது. ஹப்பை இரு திசைகளிலும் சுழற்றிக்கொண்டே இறுக்கி, உருளைகள் தத்தம் இடத்தில் அமர்ந்தபின், அதே நட்டைத் தளர்த்தி, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும் ஐந்து பங்குக்கு மேற்படாமலும் அசைவு விடவேண்டும். துளி கூடினால் சில்லு ஆடும். அசைவே இல்லாவிட்டால் எரியும். சுழலும் ஹப்பின்மேல் உள்ளங்கையை வைத்து, அந்த நூலிழை சுதந்திரத்தை ஸ்பரிசத்தாலேயே அறியும் கையை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கைக்குரியவரே டயல் மானியையும் வைத்துச் சரிபார்த்தது என் மதிப்பை இன்னும் உயர்த்தியது.

ஏனெனில், மேலே பூட்டு நட்டை இறுக்கியதும் அசைவு மாறிவிடும். அன்றும் மாறியது. லொறிக்காரர், "பாஸ், இருட்டுறதுக்குள்ள லோட் ஏத்தணும்" என்று அவசரப்பட்டார். "ஏத்தலாம் அண்ணே, ஊசி இன்னும் சரியா நிக்கல்ல" என்றவர், பூட்டு நட்டைக் கழற்றிவைத்து, ஹப்பை மறுபடி சுழற்ற ஆரம்பித்தார்.