பட்டியல் பாடுமா?

எட்டயபுரம் என்றதும் நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கத்து மாணவர்களுக்குப் பாரதியார் நினைவு வரும். இசை பயில்வோருக்கு இன்னொரு நினைவும் வரும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது இவ்வூரில். அவர் குடும்பத்து வழிவந்த சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை 1904-இல் அச்சேற்றியதும் இங்கேதான். மேலைநாட்டில் ‘முழு வரிசைமுறை’ என்று பெயர்பெற்ற இசையமைப்பு முறை ஒன்றை உரைத்துப் பார்க்க, கரிசல் சீமையில் வெளிவந்த அந்த நூலைவிட நல்ல உரைகல் கிடைப்பதரிது.

முதலில் முறை இன்னதென்று காண்போம். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குள் 12 கட்டைகள் உள்ளன. ஆஸ்திரியரான ஆர்னால்டு ஷோன்பெர்க் 1920-களின் தொடக்கத்தில் ஒரு விதி வகுத்தார். இந்த 12 சுரங்களையும் ஏதேனும் ஒரு வரிசையில் அடுக்க வேண்டும். பன்னிரண்டும் வந்து முடியும்வரை எதுவும் திரும்ப வரலாகாது. இதனால் எந்தச் சுரமும் தலைமை பெறாது. நம் ஷட்ஜம் போன்ற ‘வீடு’ அதில் இல்லை. இப்படி அடுக்கக்கூடிய வகைகள் மொத்தம் 47,90,01,600. தேர்ந்த வரிசையைப் பின்னிருந்து முன்னாகவும், ஏற்றத்தை இறக்கமாக்கியும், இவ்விரண்டையும் சேர்த்தும் வாசிக்கலாம். ஒவ்வொன்றையும் 12 இடங்களிலிருந்து தொடங்கலாம். ஆக 48 வடிவங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சிலர் இன்னும் ஓரடி முன்னே சென்றனர். சுரத்திற்கு மட்டும் ஏன் வரிசை? அதன் நீளத்திற்கும், உரப்பிற்கும், கட்டையைத் தொடும் விதத்திற்கும் வரிசை வைத்தால் என்ன? அமெரிக்காவில் மில்டன் பாபிட் 1947-இல் இவ்வழியில் பியானோ இசை எழுதினார். பிரான்சில் ஒலிவியே மெஸ்ஸியான் 1949-இல் 36 சுரநிலைகள், 24 நீளங்கள், 12 தொடுவிதங்கள், 7 உரப்புகள் கொண்ட ஒரு பியானோப் படைப்பை அமைத்தார். அதில் ஒவ்வொரு சுரநிலைக்கும் அதற்கென்றே நிலையான நீளமும் உரப்பும் உண்டு. (இந்த மெஸ்ஸியான் சார்ங்கதேவரின் 120 தேசி தாளங்களைக் கற்று, தம் இசையில் தாராளமாகப் பயன்படுத்தியவர் என்பதை நம்மவர் பலர் அறியார்.) அவர் மாணவர் பியேர் பூலேஸ் ஆசிரியரிடமிருந்தே 12 சுர வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு, 12-க்கு 12 கட்டங்கள் கொண்ட எண் அட்டவணைகள் போட்டார். அவற்றின்படி இரு பியானோக்களுக்கு ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ என்பதன் முதற்பகுதியை எழுதினார். அது 1952-இல் அரங்கேறியது. அட்டவணை முடிந்தபின் பேனா ஏறத்தாழத் தானாகவே நடந்தது எனலாம். மூன்று நான்கு நிமிடத்திற்குள் 48 வடிவங்களும் வந்து போகின்றன.

வந்து போவது காதுக்குத் தெரிகிறதா? இங்கேதான் இடறுகிறது. ஒரு கையில் ஒரு கிலோ வத்தலையும் மறு கையில் இரண்டு கிலோவையும் தூக்கினால் குழந்தைக்கும் வேறுபாடு தெரியும். பதினொன்றையும் பன்னிரண்டையும் தூக்கினால் வியாபாரியே தராசைத் தேடுவார். புலன்கள் வித்தியாசத்தை உணர்வது பெரும்பாலும் விகிதத்தைக் கொண்டுதான் என்பது வெபர் விதி. பூலேசின் நீளங்களோ 1, 2, 3 என ஒரே அளவு கூடிக்கொண்டே 12 வரை செல்கின்றன. முதலிரண்டு நீளங்களைக் காது பிரித்தறியும். கடைசி இரண்டை, அதுவும் பல வரிசைகள் ஒன்றன்மேலொன்று ஒலிக்கும்போது, பிரித்தறிவது அரிது. தாளில் சமமான படிகள் காதில் சமமாக இல்லை. கிரேக்கரான இயானிஸ் ஸெனாக்கிஸ் 1955-இலேயே இக்குறையைச் சுட்டினார்: வரிசைகள் பின்னிப் பின்னிச் சிக்கலாகும்போது கேட்பவருக்கு எஞ்சுவது ஒலித்துளிகளின் கூட்டமே என்றார்.

அப்படியானால் பட்டியலே இசைக்குப் பகையா? முத்துசுவாமி தீட்சிதரின் வாரக் கீர்த்தனங்கள் ஏழையும் பாருங்கள். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கோள்கள். துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என ஏழு தாளங்கள். முதல் பட்டியலின்மேல் இரண்டாவதை வரிசை பிசகாமல் அப்படியே பொருத்தியிருக்கிறார். அட்சரக் கணக்கு 14, 10, 6, 10, 7, 14, 4 என்று வருகிறது. இது வரிசைமுறையன்றி வேறென்ன? ஆனால் அந்தத் தாளத்தைக் கையால் போட்டு எண்ணலாம். கேட்பவரும் கூடவே போடலாம். ராகங்களை அவர் எந்த அட்டவணைக்கும் ஒப்படைக்கவில்லை. சௌராஷ்டிரம், அசாவேரி, சுருட்டி எனத் தம் செவியைக் கேட்டே தேர்ந்தார் என்று தோன்றுகிறது. அவருடைய 14 ராகங்கள் கொண்ட ராகமாலிகையிலும், பாடிய ராகங்களைச் சுருக்கமாகத் தலைகீழாகத் தொட்டுக்கொண்டு தொடக்கமான ஸ்ரீராகத்திற்குத் திரும்பும் ஏற்பாடு உண்டு. ராகம் அடையாளம் தெரிந்தவருக்கு அந்தத் திரும்புதல் தெளிவாகக் கேட்கும். பன்னிரு சுர வரிசை தலைகீழானதைக் கேட்டே கண்டுபிடிப்பவர் மிகச் சிலரே.

72 மேளத்தையும் எடுத்துக்கொள்வோம். ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6, மத்திமம் 2, பெருக்கினால் 72. ‘பார்த்தீர்களா, நம் இசையே கணக்குத்தான்’ என்று மேடையில் பெருமை பேசுவோர் உண்டு. அது பாதி உண்மை. 17-ஆம் நூற்றாண்டில் இக்கணக்கைப் போட்ட வேங்கடமகியே தம் காலத்தில் வழங்கியவை 19 மேளங்கள்தாம் என்கிறார். மற்றவை காலி அறைகள். பட்டியல் அறை கட்டியது, குடியேற்றியவர்கள் பாடகர்கள். சுப்பராம தீட்சிதரின் நூலில் மேள வரிசை இருக்கிறது. அதைவிட முக்கியமாகக் கமகங்களுக்கு அடையாளக் குறிகள் இருக்கின்றன. எந்தச் சுரத்தை அசைப்பது, எங்கே வழுக்குவது என்று அவர் படாத பாடுபட்டுக் குறித்திருக்கிறார். சுரம் ஒரு புள்ளியன்று, அக்கம்பக்கத்தோடு உறவுள்ள அசைவு என்பதே அக்குறிகளின் பொருள். பூலேசின் அட்டவணையில் சுரம் தனித்த புள்ளி. அதற்கு அண்டை வீடில்லை. மறுகோடியில் நம் விளாத்திகுளம் சுவாமிகள் ஒருவர் இருந்தார். கீர்த்தனையின் துணையின்றி ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடியவர் அவர். அந்த விரிவை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

இதனால் ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ வீண்வேலை என்று சொல்ல நான் உடன்படேன். பழக்கத்தின் கையைக் கட்டிவிட்டால் என்ன மிஞ்சும் என்று அறியச் செய்த சோதனை அது. சோதனையில் ‘இல்லை’ என்று வரும் விடையும் விடையே. 1958-இல் ஜார்ஜ் லிகெட்டி அதைப் பகுத்தாராய்ந்து, இசையமைப்பவர் தாமே முடிவு செய்தது எவ்வளவு, விதி தானாகச் செய்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டினார். பூலேசும் அந்த இறுக்கத்தில் நிற்கவில்லை. 1955-இல் அரங்கேறிய ‘தலைவனில்லாச் சம்மட்டி’ என்ற படைப்பில் விதியைத் தளர்த்திக் கொண்டார். அது கேட்க இனியது என்பது என் கருத்து.

ஐயமுள்ள மாணவர் 12 காகிதத் துண்டுகளில் சுரங்களை எழுதிக் குலுக்கி, வந்த வரிசையை ஆர்மோனியத்தில் வாசித்து, நண்பரைத் திரும்பப் பாடச் சொல்லட்டும். பிறகு வியாழனுக்குரிய ‘பிருகஸ்பதே’ கீர்த்தனையைக் கேட்டு, மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு எண்ணித் தாளம் போட்டுப் பார்க்கட்டும்.