ஹட்ச் நாயும் நாகப்பட்டினம் புழுக்கமும்

போன வாரம் தங்கை நாகப்பட்டினத்திலிருந்து போன் பண்ணினாள். "அண்ணா, பையன் பிரெஞ்சு புல்டாக் வேணும்னு ஒரே அடம். சின்னதா இருக்கும், அதிகம் குரைக்காது, பசங்களோட நல்லா பழகும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

அவள் சொன்ன மூன்றுமே பெரும்பாலும் உண்மை. அதனால்தான் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அதோடு எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பழைய கணக்கும் இருக்கு.

2009ல் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான்தான் வெளிப்பாளையம் வீட்டுக்கு ஒரு பக் குட்டி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெருவில் யாரும் அதை பக் என்று சொன்னதில்லை. "ஹட்ச் நாய்"தான். பக்கும் புல்டாக்கும் வேறு வேறு இனம் என்றாலும் தட்டையான முகம், அகலமான மார்பு, அதனால் வரும் தொல்லை எல்லாம் ஒரே ஜாதி.

தங்கையின் போனுக்குப் பிறகு அந்த 2003 விளம்பரத்தைத் தேடி மறுபடி பார்த்தேன். ஒரு பையன் நடக்கிறான், பின்னாலேயே நாய் நடக்கிறது. அவ்வளவுதான் கதை. சிக்னல் என்கிற கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரத்தை, டவரையெல்லாம் காட்டாமல், நாலு காலில் நடக்க வைத்துப் புரியவைத்திருக்கிறார்கள். விளம்பரமாகப் பார்த்தால் இந்தியாவில் வந்த மிகச் சிறந்த சிலவற்றில் ஒன்று, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2007ல் ஹட்ச் வோடஃபோனாக மாறியதைச் சொல்லவும் அதே நாய்தான் வந்தது. பழைய கூண்டிலிருந்து சிவப்புக் கூண்டுக்குக் குடிபோனது.

ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டேன். முழுக்கப் பாட்டு. பக் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாய் அடுத்த அறையில் இருந்தாலும் அதன் மூச்சு கேட்கும். கரகரவென்று, தூங்கும்போது தாத்தா குறட்டை மாதிரி. அந்தச் சத்தம் மட்டும் வந்திருந்தால் இத்தனை குடும்பங்கள் கடைக்கு ஓடியிருக்குமா? நான் ஓடியிருக்க மாட்டேன். விளம்பரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது சிம் கார்டு விற்க வந்தது. நாய் வாங்கச் சொல்லி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நாமாகத்தான் அதை நாய் விளம்பரமாக்கிக்கொண்டோம்.

விஷயம் இதுதான். நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கிற ஈரம் ஆவியாவதால்தான் உடம்பு குளிரும். மூக்கு நீளமாக இருந்தால் அதற்கு இடம் அதிகம். புல்டாக், பக் வகைகளில் மண்டை எலும்பைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கிவிட்டோம், உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குக் குறையவில்லை. அண்ணத்தின் பின்பகுதி தொங்கி மூச்சுக்குழலை மறைக்கிறது, நாசித் துவாரம் கீறல் போல ஆகிவிடுகிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், பெரிய பிராசஸருக்குத் தீப்பெட்டி சைஸ் ஹீட்சிங்க். இதில் நாகை மாதிரி கடலோர ஊர் இன்னும் மோசம். வெயிலைவிட புழுக்கம்தான் வில்லன். காற்றே ஈரமாக இருக்கும்போது நாக்கு ஈரம் எங்கே ஆவியாகும்?

2012 மின்வெட்டு டெல்டாக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்த வருஷம் கத்திரியில் ஒரு மத்தியானம், கரண்ட் போய் வெகு நேரம். நாய் மொசைக் தரையில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. சாயங்காலம் டாக்டருக்குச் சொல்லி அனுப்புவதற்குள் போய்விட்டது. மூணு வயசுதான். அம்மா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கு: "அது மூச்சுக்குத் தவிச்சிருக்குடா. நான் தூங்குதுன்னு நினைச்சு விசிறிட்டே உக்காந்திருந்தேன்."

இதற்குப் பிறகு இன அறிமுகக் குறிப்புகளைப் படிக்கவே எரிச்சலாக இருக்கு. "சோம்பேறிச் செல்லம், அதிகம் ஓடவிட வேண்டாம்" என்பார்கள். ஓட முடியாததற்குப் பெயர் சோம்பேறித்தனமா? "குறட்டை விடும் அழகு" என்பார்கள், அது அடைப்பு. இங்கிலாந்தில் 2022ல் வெளியான ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வில், பிறப்பிலிருந்து எதிர்பார்க்கும் ஆயுள் ஜாக் ரஸ்ஸலுக்கு 12.7 வருஷம், இங்கிலீஷ் புல்டாக்குக்கு 7.4, பிரெஞ்சு புல்டாக்குக்கு 4.5. (கடைசி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அந்த இனம் அங்கே திடீரென்று பிரபலமானதால் கணக்கில் குட்டிகளே அதிகம். ஆனாலும் வித்தியாசம் சின்னதில்லை.) இங்கிலீஷ் புல்டாக் ஈற்றுகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் சிசேரியன் என்று அங்கேயே இன்னொரு கணக்கு. நாகையில் மீனுக்குப் பல்கலைக்கழகமே இருக்கு, ஆனால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மன்னார்குடி தாண்டி ஒரத்தநாடு வரைக்கும் போகணும்.

தங்கை பையனிடம் இதையெல்லாம் சொல்லி, 2024ல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையையும் காட்டினேன். நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத, உடல்நலக் கோளாறுள்ள 11 இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்ற பட்டியல். பிரெஞ்சு புல்டாக், பக் இரண்டும் அதில் இருக்கு. பையன் படித்துவிட்டு, "மாமா, இதுல இங்கிலீஷ் புல்டாக் இல்லையே, அப்ப அதை வாங்கலாமா?" என்றான்.

நல்ல கேள்வி. பட்டியலின் ஓட்டை அங்கேதான். பெயரைத் தடுத்தால் பக்கத்துப் பெயர் நுழையும். நெதர்லாந்தில் பெயரைப் பார்க்காமல் மூக்கை அளக்கிறார்கள். மண்டை நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது மூக்கு இல்லாத நாயை இனப்பெருக்கம் செய்யக் கூடாது. எந்த இனமானாலும் ஸ்கேல் ஒன்றுதான். ஒரு காலத்தில் பக்கைத் தலையில் வைத்துக் கொண்டாடியதே அவர்கள் அரச குடும்பம்தான். 1658லிருந்து நூறு வருஷத்துக்கு மேல் நம்ம நாகையை ஆண்டவர்களும் அவர்கள் கம்பெனிதான்.

அதற்காக "நாட்டு நாய் வாங்கு" என்று நான் கோஷம் போடப்போவதில்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடுவதற்குப் பிறந்தவை. தங்கையின் வீட்டில் கொல்லைப்புறம்கூடக் கிடையாது. அங்கே கட்டிப்போட்டால் அது வேறு விதமான கொடுமை. அக்கரைப்பேட்டை பக்கம் மீன் வாடையில் திரியும் பழுப்புக் குட்டிகளில் ஒன்றைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது, அவன் கூட்டாளிகளிடம் காட்ட அதற்குப் பெயர் இல்லையாம்.

அரையாண்டு லீவில் ஊருக்குப் போகிறேன். அதுவரை எதுவும் வாங்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா நாயே வேண்டாம் என்கிறார்கள்.