கேலகரின் ஆய்வேடு: பெருமையும் எல்லையும்

மின்பொறியியல் துறையின் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ராபர்ட் கேலகரின் ஏட்டுக்கு வாய்த்த புகழ் எளிதில் வாய்ப்பதன்று. குறைந்த அடர்த்திப் பாரிட்டி சரிபார்ப்புக் குறிமுறைகள் (LDPC) என்ற பிழைதிருத்தும் குறிமுறைகளைப் பற்றிய அந்த ஏடு 1960இல் எம்.ஐ.டி.யில் பீட்டர் இலயாஸை நெறியாளராகக் கொண்டு அளிக்கப்பட்டது. 1962இல் கட்டுரையாகவும் 1963இல் நூலாகவும் வந்தது. பின்னர் முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடந்தது. 1990களின் நடுவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, இன்று வைஃபை, செயற்கைக்கோள் ஒளிபரப்பு, 5ஜி என எங்கும் இயங்குகிறது. ‘காலத்தை முந்திய ஆய்வு’ என்று துறை சொல்வது இதனால்தான். அது பாராட்டு; மதிப்பீடு அன்று. பின்னாளில் பலித்ததால் ஓர் ஆய்வு சிறந்ததாகிவிடாது. பலிக்காது போயிருந்தால் தாழ்ந்ததும் ஆகிவிடாது. அது எடுத்துக்கொண்ட கேள்வி என்ன, கையாண்ட முறை என்ன, எதை நிறுவியது, எதை நிறுவாமல் விட்டது என்று எடைபோட்ட பிறகே தீர்ப்புக்குப் போக வேண்டும்.

சேனலின் கொள்ளளவுக்குக் கீழ்ப்பட்ட எந்த வீதத்திலும் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம் என்று ஷானன் 1948இல் நிறுவினார். அதற்குரிய குறிமுறையை அவர் கட்டிக் காட்டவில்லை. தற்போக்காகத் தேர்ந்த பாரிட்டி சரிபார்ப்புக் குறிமுறைகளே இதற்குப் போதும் என்று 1955இல் இலயாஸ் காட்டினார். ஆக, நல்ல குறிமுறைகளுக்குப் பஞ்சமில்லை. இரைச்சலில் சிதைந்து வந்ததிலிருந்து அனுப்பியதை மீட்கும் வழிக்குத்தான் பஞ்சம். ரீட், சாலமன் முதலியோர் இயற்கணிதக் கட்டமைப்பை நாடினார்கள். வோசன்கிராஃப்ட் கிளைகளைப் படிப்படியாகத் தேடும் குறிவிலக்கலை முன்வைத்தார். கேலகர் கேள்வியையே திருப்பிப் போட்டார்: குறிவிலக்கும் வேலை எளிதாக இருக்க வேண்டுமென்றால் குறிமுறை எப்படி அமைய வேண்டும்? இந்தத் திருப்பமே ஆய்வேட்டின் முதல் தகுதி. மற்றவர்கள் குறிமுறையை முடித்துவிட்டுக் குறிவிலக்கியைத் தேடிய இடத்தில், இவர் இரண்டையும் ஒரே வடிவமைப்புச் சிக்கலாகக் கண்டார்.

அவர் தரும் சிறிய எடுத்துக்காட்டிலேயே கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. 15 நிரைகளும் 20 நிரல்களும் கொண்ட ஓர் அணி; நிரை ஒவ்வொன்றும் ஒரு சரிபார்ப்பு, நிரல் ஒவ்வொன்றும் ஒரு பிட்டு. ஒவ்வொரு நிரலிலும் மூன்று 1கள், ஒவ்வொரு நிரையிலும் நான்கு 1கள், எஞ்சியவை 0. ஆக, 300 இடங்களில் 60 மட்டுமே நிரம்பியவை. ஐந்தைந்து நிரைகளாக மூன்று அடுக்குகள். முதல் அடுக்கின் முதல் நிரையில் 1 முதல் 4 வரையுள்ள நிரல்கள், அடுத்ததில் 5 முதல் 8 வரை என 1கள் ஒழுங்காக இறங்குகின்றன. மற்ற இரண்டு அடுக்குகளும் அதே நிரல்களை இடம் மாற்றிப் போட்டவை. கட்டுப்பாடும் தற்போக்கும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிக்கனமான விடை அன்று எவரிடமும் இல்லை. ஒவ்வொரு சரிபார்ப்பும் சில பிட்டுகளையே தொடுவதால் கணக்கு எளிதாகிறது. இணைப்புகள் தற்போக்காக அமைவதால் நெடுந்தொகுதிகளின் வலிமை குன்றுவதில்லை.

அந்த வலிமையை அவர் தனித்தனிக் குறிமுறையில் தேடவில்லை. ஒரு வகைக் குறிமுறைகள் அனைத்தின் சராசரியில் தேடினார். நிரலுக்கு மூன்றோ அதற்கு மேலோ 1கள் இருந்தால், மிகப் பெரும்பாலான குறிமுறைகளில் குறைந்தபட்சத் தொலைவு, அதாவது இரு குறிச்சொற்கள் வேறுபடும் இடங்களின் மிகக் குறைந்த எண்ணிக்கை, தொகுதி நீளத்துக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. இரண்டே இருந்தால் மடக்கை அளவில்தான் வளர்கிறது. ‘மூன்று’ என்ற தேர்வு ஊகமாக நில்லாமல் தேற்றமாகிறது. நிரைக்கு இத்தனை 1கள் என்று நிலையாக வைத்துக்கொண்டால் கொள்ளளவை முழுமையாக எட்ட இயலாது என்பதையும் அவரே நிறுவுகிறார். தன் முன்மொழிவின் எல்லையைத் தானே தேற்றமாக எழுதிவைக்கும் ஆய்வாளர் எக்காலத்திலும் அரியவர். ஆனால் சராசரியைப் பற்றிய சான்று எந்த ஒரு குறிமுறைக்கும் உறுதி தருவதில்லை. பெரும்பாலானவை நல்லவை என்று அறிந்த பொறியாளருக்கு, தன் கையிலுள்ளது அவற்றில் ஒன்றா என்று அறிய வழி கிடைப்பதில்லை.

ஆய்வேட்டின் உயிர்நிலை நிகழ்தகவுக் குறிவிலக்கல். ஒவ்வொரு பிட்டும் தன் மதிப்பு 0 அல்லது 1 என்பதில் தனக்குள்ள நம்பிக்கையின் அளவைத் தான் பங்குபெறும் சரிபார்ப்புகளுக்குத் தெரிவிக்கிறது. அவை தம் முடிவைத் திருப்பித் தருகின்றன. இப்படிச் சுற்றுச் சுற்றாக நடக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு சரிபார்ப்புக்குத் தெரிவிக்கும்போது, அதே சரிபார்ப்பிலிருந்து வந்த செய்தி மட்டும் கணக்கில் சேராது. ஒரு பிட்டு சொன்னது உடனே திரும்பி வந்து அதற்கே சான்றாகிவிடக் கூடாது என்பதற்காக. 1993இல் டர்போ குறிமுறைகள் துறையை வியக்க வைத்தபோது, அவற்றின் குறிவிலக்கியும் இந்த நெறியிலேயே நின்றது. கருத்தின் கூர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் நெறியின் கூர்மைக்கு ஈடாக நிறுவல் அமையவில்லை. வரும் செய்திகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள் மீதே பகுப்பாய்வு நிற்கிறது. இணைப்புகள் வளைந்து வந்து முட்டாத வரையில்தான் அது செல்லும். அப்படி முட்டாமல் செல்லும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு, தொகுதி நீளத்தின் மடக்கையை ஒரு சிறு எண்ணின் மடக்கையால் வகுத்தால் கிடைக்கும். நிரலுக்கு மூன்று, நிரைக்கு ஆறு என்ற வகைக்கு அந்த எண் 10. எனவே 500 பிட் தொகுதிக்குச் சான்று இரண்டு சுற்றுகளைத் தாண்டாது. ஒரு லட்சம் பிட் தொகுதிக்கும் ஐந்தைத் தாண்டாது. குறிவிலக்கியோ பல பத்துச் சுற்றுகள் ஓடினால்தான் பயன் தரும். அதற்கப்பால் சார்புகளின் விளைவு சிறிதாகவே இருக்கும் என்பது கேலகரின் எதிர்பார்ப்பு. அதை எதிர்பார்ப்பு என்றே அவர் எழுதினார், தேற்றமாக வேடமிடவில்லை. 1963 நூலில் ஐ.பி.எம். 7090 கணினியில் நடத்திய சோதனைகளையும் துணைக்கு வைத்தார். நேர்மையில் குறையில்லை, ஆயினும் மையக் கூற்று நிறுவப்படாமலே நின்றது.

இரண்டாவது குறை, எல்லா நிரல்களுக்கும் ஒரே எண்ணிக்கை என்ற ஒழுங்கைக் கைவிடாதது. ஒரு சுற்றின் பிழை நிகழ்தகவிலிருந்து அடுத்த சுற்றின் நிகழ்தகவைக் கணிக்கும் சமன்பாட்டை அவர், நம்பிக்கையின் அளவின்றி 0 அல்லது 1 என்று மட்டும் தெரிவிக்கும் தன் எளிய முறைக்கு எழுதியிருந்தார். மேற்சொன்ன மூன்று–ஆறு வகையில் அந்த எளிய முறை நூற்றுக்குச் சுமார் 4 பிழை வரை தாங்கும். முழு நிகழ்தகவு முறை 8.4 வரை தாங்கும் என்று பின்னாளில் ரிச்சர்ட்சனும் உர்பாங்கேயும் அதே சமன்பாட்டின் வழியை விரித்துக் கணித்தார்கள். ஷானன் எல்லை 11. இந்த இடைவெளியைக் குறைக்க, சில பிட்டுகளுக்கு அதிகச் சரிபார்ப்புகளும் சிலவற்றுக்குக் குறைவாகவும் தர வேண்டியிருந்தது. ஒழுங்கற்ற அத்தகைய குறிமுறை ஒன்று 2001இல் ஷானன் எல்லைக்கு 0.0045 டெசிபெல் அருகே கணிக்கப்பட்டது. கருவி 1960இலேயே கையில் இருந்தும், அதை வடிவமைப்புக்குத் திருப்பும் கேள்வி கேட்கப்படவில்லை. இது பிழையன்று, எட்டிய தொலைவின் அளவு.

இனி, புறக்கணிப்பின் கதைக்கு வருவோம். வன்பொருள் போதாமையே காரணம் என்பது வழக்கமான விடை. 1960களுக்கு அது பொருந்தும், 1980களுக்குப் பொருந்தாது. அதற்குள் சோவியத் ஒன்றியத்தில் சியாப்லோவும் பின்ஸ்கரும் 1975இலும், டேனர் 1981இலும் இந்த வழியில் தொடர்ந்திருந்தார்கள். அப்போதும் துறை திரும்பிப் பார்க்கவில்லை. அதே எம்.ஐ.டி.யில் 1965இல் வந்த ஃபார்னியின் ஆய்வேட்டோடு ஒப்பிட்டால் காரணம் தெளியும். கொள்ளளவுக்குக் கீழ்ப்பட்ட எல்லா வீதங்களிலும் பிழை அடுக்கு விகிதத்தில் குறையும், கணக்கின் சுமையோ பல்லுறுப்புக் கோவை அளவில்தான் வளரும் என்று ஃபார்னி நிறுவினார். அவருடைய தொடர்குறிமுறை விண்கலங்கள் வரை சென்றது. துறை மதித்த நாணயம் தேற்றம். அந்த நாணயத்தில் கேலகரின் குறிவிலக்கி முழு விலை செலுத்தவில்லை. இயற்கணித அழகின் மீதிருந்த மயக்கம் துறையின் குற்றம். மையக் கூற்றுக்குச் சான்றில்லாமை ஏட்டின் குறை. இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும்.

தீர்ப்பு இது. கேள்வியை அமைத்த விதத்தில் இந்த ஆய்வேடு முதல் தரம். முறையின் ஒருமையில் முதல் தரம். தன் எல்லைகளை அறிவித்த நேர்மையில் முன்மாதிரி. நிறுவலில் பாதி வழி; வடிவமைப்பில் தொடக்கம். 1960இன் தேர்வாளராக இருந்து படித்தாலும் இதற்குப் பட்டம் தயக்கமின்றி உரியது. 5ஜி தரவுத் தடங்களில் கேலகரின் குறிமுறையும், கட்டுப்பாட்டுத் தடங்களில் அவரிடமே முனைவர் பட்ட ஆய்வு செய்த அரிகானின் துருவக் குறிமுறையும் இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. தீர்ப்புக்கு அது தேவையில்லை. ஆய்வேடுகளை மதிப்பிடும் பொறுப்பில் உள்ளவர்கள் ஒப்பீட்டு அட்டவணையில் எத்தனை விழுக்காடு முன்னேற்றம் என்று தேடுவதற்கு முன், கேள்வி புதிதா, முறை கேள்விக்கு ஏற்றதா, நிறுவியதும் எதிர்பார்த்ததும் பிரித்து எழுதப்பட்டுள்ளனவா என்ற மூன்றையும் பார்க்கட்டும். கேலகரின் ஏடு இந்த மூன்றிலும் தேறுகிறது.